முப்பத்தெட்டு அடி

கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் ஒரு பட்டியல் எழுதினேன். பட்டியல் எழுதாமல் எங்கும் போக எனக்குத் தெரியாது. எலுமிச்சம்பழம் ஆறு, உப்பு ஒரு பொட்டலம், குடிதண்ணீர் இரண்டு கூஜா, தலையில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துண்டு, டிஞ்சர் அயோடின், பஞ்சு, பழைய செய்தித்தாள், மாற்றுப் புடவை ஒன்று. கடைசி வரியில் ‘தூண்டில்’ என்று எழுதி அதன் எதிரே கேள்விக்குறி போட்டேன். மீன் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டுமா, அது படகிலேயே இருக்குமா என்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை.

பட்டியலில் சேராத ஒன்றும் அன்று எங்களோடு வந்தது. சர்வேயரின் சட்டைப்பையில் இருந்த மன்னிப்புக் கடிதம். திங்கட்கிழமை காலை அதை அவர் மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், மாதக் கடைசியில் முடிகிற அவருடைய தற்காலிக வேலை நீடிக்கும் என்று ஹெட் கிளார்க் சொல்லியிருந்தார். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சர்வேயருக்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் வாடகை வீடு, மனைவி, இரண்டு குழந்தைகள், மூன்றாவது வருகிற வழியில்.

அந்தக் கடிதத்தை அவர் எழுதும்படி ஆனதற்குக் காரணம் நான். இது அவருக்குத் தெரியாது. தெரியாததால்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதத்தை என் மேஜைமேல் வைத்து, “சிஸ்டர், உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கும். ஒரு தடவ பாத்துக் குடுங்க” என்றார். நான் பார்த்தேன். மூன்று பிழைகளைத் திருத்தினேன். ‘என் கவனக்குறைவால்’ என்று இருந்ததை மட்டும் திருத்தவில்லை. இலக்கணப்படி அது சரியாகவே இருந்தது.

நான் பட்டணத்தில் இரண்டு வருஷம் வரைபடம் வரையும் படிப்பு படித்துவிட்டு, செங்கல்பட்டில் ஒரு பொறியியல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருஷம் குறையில்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம். மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் படகுகள் வந்து ஒதுங்க ஒரு துறை கட்டலாமா என்று அப்போது மேலே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகக் கடலின் ஆழத்தை அளக்க வேண்டியிருந்தது. அளப்பது சர்வேயரின் வேலை. பட்டணத்திலிருந்து இரவல் வந்த மோட்டார் லாஞ்சில் போய், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தடவை ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்குவார். கயிற்றில் அடிக்கணக்கு முடிச்சுகள் இருக்கும். குண்டின் அடியில் ஒரு சின்னக் குழி. அதில் கிரீஸ் தடவி இறக்கினால், கீழே இருப்பது மணலோ சேறோ, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஆழம் எத்தனை அடி, ஒட்டியது என்ன என்று நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டு என்னிடம் வரும். நான் அந்த எண்களை ட்ரேசிங் துணியில் அதனதன் இடத்தில் எழுதி, ஒரே ஆழமுள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பேன். கடலை நான் வரைந்தேன் என்று சொல்லலாம். அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை.

நான்காவது வரிசையில் ஆறாவதிலிருந்து எண்கள் இப்படி இருந்தன: அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்து நான்கு, முப்பத்தெட்டு, அறுபத்தெட்டு. முப்பத்தெட்டுக்கு எதிரே ‘ஒட்டவில்லை’ என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில், இடத்தை அடையாளம் காட்டுவதற்காக, ‘சவுக்குத் தோப்பின் முனையை மலையின் மூக்கு தொடுகிறது’ என்று வேறு. இதைப் படித்துவிட்டு, வெயில் நேரத்தில் மனுஷனுக்குக் கவிதை வருகிறது என்று நான் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தெட்டை எழுதினால் என் கோடு அந்த இடத்தில் முடிச்சு விழுந்த நூல் மாதிரி சுருண்டது. பக்கத்துக் கோடுகள் எல்லாம் அழகாக, கரைக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தன. கடலின் தரை ஏரிக்கரைச் சரிவு மாதிரி சீராக இறங்கும், இருபத்தாறு அடி திடீரென்று ஏறி அடுத்த அடியிலேயே இறங்காது என்று நான் முடிவு செய்தேன். எந்த ஆதாரத்தில் என்று இப்போது கேட்டால், என் கோட்டின் அழகுதான் ஆதாரம். அறுபத்து நான்குக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவே அறுபத்தாறு என்று எழுதினேன். கோடு நேராயிற்று.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் ஒழுங்கானவள். ‘நான்காவது வரிசை, ஒன்பதாவது எண் பிழை எனத் தோன்றுகிறது. கிரீஸ் தடவவும் தவறியிருக்கிறது. 66 என்று கொள்ளப்பட்டது’ என்று ஒரு சீட்டு எழுதி, வரைபடத்தோடு குண்டூசியால் குத்தி வைத்தேன். எங்கள் பிரிவின் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் அதைப் படித்துவிட்டு, “பொண்ணுக்குக் கண்ணு இருக்கு” என்று பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சொன்னார். அன்று நான் வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கே ஒரு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டேன்.

சீட்டுகள் மாடிப்படி ஏறும்போது எழுதியவரின் பெயரை உதிர்த்துவிடும். பதினைந்து நாள் கழித்து என் சீட்டு மெமோவாகக் கீழே இறங்கி வந்தபோது, ‘வரைபடப் பிரிவால் கண்டுபிடிக்கப்பட்ட பொறுப்பற்ற பதிவு’ என்று மாறியிருந்தது. மெமோ சர்வேயருக்கு வந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போனார்.

கடலுக்குப் போகும் யோசனை ஹெட் கிளார்க்குடையது. லாஞ்சைத் திருப்பி அனுப்ப ஒரு வாரம்தான் இருந்தது. அளவெடுப்பு வேலைக்கென்று கேட்டு வாங்கிய டீசலில் இரண்டு பீப்பாய் மிச்சம். மிச்சத்தைத் திருப்பினால், ஏன் அவ்வளவு கேட்டீர்கள் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். அதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடலுக்குப் போய் டீசலை எரித்துவிடுவது சுலபம். தலைமை டிராஃப்ட்ஸ்மேன் இதற்கு ‘ஆழ்கடல் மீன்பிடிப்பு’ என்று பெயர் வைத்தார். நான் தனியாக ஆண்களோடு போவது சரியல்ல என்பதால் ஹெட் கிளார்க் தன் மனைவியையும் அழைத்து வந்தார். அந்த மாமி மீனைக் கண்ணால் பார்த்தாலே தலைக்குக் குளிக்கிறவர். ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் புளியோதரையோடு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏண்டி கொழந்தே, அங்க நாம என்ன பண்ணப்போறோம்?”

“மீன் பிடிக்கிறாங்க மாமி. நாம பாக்கலாம்.”

“பாத்துட்டு?”

நான் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன்.

கரையில் எங்களுக்காக ஒரு மீனவர் காத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். லாஞ்சு ஓட்டுகிற டிரைவர் பட்டணத்துக்காரர்; அவருக்கு எஞ்சினைத் தெரியுமே தவிர மீனைத் தெரியாது. அதனால் மீன் இருக்கும் இடத்தைக் காட்ட இவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். மணி ஏழரை ஆகியிருந்தது. எங்களையும் எங்கள் மூட்டைகளையும் பார்த்துவிட்டு, “இன்னா சாமி, இந்நேரத்துக்கு வர்றீங்க? மீனெல்லாம் நாஸ்தா துன்னுட்டு படுக்கப் போயிருக்கும்” என்றார்.

“ஆபீஸ் நேரம் பத்து மணிப்பா. இதுவே எங்களுக்குச் சீக்கிரம்” என்றார் ஹெட் கிளார்க்.

என் கையில் பட்டியலைப் பார்த்ததும் அவர் என்னைப் பள்ளிக்கூட டீச்சர் என்று தீர்மானித்துவிட்டார். நான் வேறு வேலை என்று சொன்னேன். “சரி டீச்சரம்மா” என்றார்.

லாஞ்சு அலைகளுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நின்றது. அதுவரை கயிற்றால் தைத்த மரப்படகில் போக வேண்டும். படகு முதல் அலையில் ஏறியபோது தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஆழ்கடல் என்ற சொல்லைக் கடைசியாகச் சொன்னார். மூன்றாவது அலையில் எல்லோரும் இடுப்பு வரை நனைந்தோம். என் மாற்றுப் புடவையும் பைக்குள்ளேயே நனைந்தது. சர்வேயர் மட்டும் ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதம் நனையவில்லை.

லாஞ்சு கிளம்பி அரை மணிக்குள் என் பட்டியல் வேலை செய்ய ஆரம்பித்தது. முதல் எலுமிச்சம்பழம் ஹெட் கிளார்க்குக்கு, இரண்டாவது தலைமை டிராஃப்ட்ஸ்மேனுக்கு, மூன்றாவது மறுபடியும் ஹெட் கிளார்க்குக்கு. செய்தித்தாள் முழுவதும் தீர்ந்தது. மாமி தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி ஆடிக்கொண்டு வந்தார்.

“ஏன்னா, தண்ணி குடிக்கறேளா?”

ஹெட் கிளார்க் கையை மட்டும் ஆட்டினார்.

மீனவர் முன்பக்கம் நின்றுகொண்டு தண்ணீரையே பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “டிரைவரு, கொஞ்சம் வடக்கால போ. போதும். லைட்டவுஸ் கோயிலு தலைமேல குந்தணும். இன்னும் குந்தல.”

நானும் திரும்பிப் பார்த்தேன். கடற்கரைக் கோயிலின் கோபுரம் ஒரு பக்கம், அதற்குப் பின்னால் குன்றின்மேல் லைட்ஹவுஸ் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருந்தவை மெதுவாக நகர்ந்து வந்து, ஒன்றின்மேல் ஒன்று நின்றன.

“குந்திகிச்சு. இதே கோட்டுல நேரா போ. இனிமே தெக்கால பாக்கணும். சவுக்கு முடியற எடம் கீதே, அதும் பின்னால மலை ஒண்ணு வந்துகினு கீது பார். அது மூக்கு வந்து சவுக்கு மேல இடிச்சிச்சுன்னா, நிறுத்திடு.”

அந்த மூக்கை நான் ஏற்கெனவே நோட்டில் படித்திருந்தேன். கோயிலும் லைட்ஹவுஸும் ஒரே கோட்டில் இருப்பதுதான் நான்காவது வரிசை. சவுக்குத் தோப்பின் முனையை மலையின் மூக்கு தொடுவதுதான் அதில் ஒன்பதாவது எண். அந்த இரண்டு கோடுகளையும் நானே ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தேன். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் என் கையெழுத்தில் அறுபத்தாறு என்று இருந்தது. சர்வேயரைப் பார்த்தேன். அவரும் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். மீனவர் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி நங்கூரமாக இறக்கினார். பிறகு ஆளுக்கொரு தூண்டில் கயிறு. நான் போட்டிருந்த கேள்விக்குறிக்கு விடை கிடைத்தது: தூண்டில் படகிலேயே இருக்கும். கொக்கியில் கணவாய்த் துண்டைக் குத்தி இறக்க வேண்டும். ஹெட் கிளார்க் தன் கயிற்றைப் பிடித்த இரண்டாவது நிமிஷம் மறுபடியும் எலுமிச்சம்பழம் கேட்டு, கயிற்றை மாமி கையில் திணித்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். மாமி அதைப் பூத்தொடுக்கிற நார் மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

“இது எங்கயோ மாட்டிண்டுடுத்து போல இருக்கே.”

“இழு பெரியம்மா” என்றார் மீனவர்.

“நான் இழுக்க மாட்டேன். இத யாராவது வாங்கிக்கோங்கோ.”

“வாங்கறதுக்குள்ள பூடும். இழு.”

மாமி இழுத்தார். பின்னால் யாரோ பிடித்து இழுப்பது மாதிரி உடம்பு முழுவதும் சாய்ந்து, வாயில் சுலோகம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இழுத்தார். என் கை நீளத்துக்குப் பழுப்பும் புள்ளியுமாக ஒரு மீன், பெரிய வாயைத் திறந்தபடி லாஞ்சுக்குள் வந்து விழுந்தது. மாமி கயிற்றை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அன்று முழுவதும் பிடித்ததில் அதுதான் பெரியது. ஆபீஸில் இன்றுவரை அது ஹெட் கிளார்க் பிடித்த மீன் என்றே பேசப்படுகிறது.

“கலவா” என்றார் மீனவர். “பெரியம்மாவுக்குக் கை ராசி கீது.”

சர்வேயர் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “கலவா எங்க இருக்கும்?”

“கல்லு கீற எடத்துல இருக்கும்.”

“அப்போ இங்க கீழ கல்லா?”

“பின்ன இன்னா, மணலா? மணல்ல கலவா இன்னா பண்ணும், கபடி ஆடுமா? கல்லு அண்ணாத்த. மச்சு வூடு கணக்கா ஒசரம். சுத்தி பதினோரு பாகம். இங்க மட்டும் ஆறு பாகம், அதும்மேல கொஞ்சம்.” பாகம் என்றால் இரண்டு கைகளையும் விரித்த நீளம் என்று விரித்துக் காட்டினார்.

ஆறு பாகத்தை ஆறடியால் பெருக்கி, அதன்மேல் கொஞ்சத்தைக் கூட்ட எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

லாஞ்சின் பின்பக்கம், அளவெடுப்புக்கு வைத்திருந்த ஈயக்குண்டும் கயிறும் அப்படியே சுருட்டிக் கிடந்தன. சர்வேயர் எழுந்து போய் அதை எடுத்தார். டிரைவரிடம் ஒரு விரல் கிரீஸ் கேட்டு வாங்கி, குண்டின் குழியில் தடவி, என்னிடம் ஒரு தடவை காட்டினார். ஏன் என்னிடம் காட்டினார் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவள் நான் என்பதால் இருக்கலாம். பிறகு இறக்கினார். கயிறு தளர்ந்ததும் முடிச்சைப் பார்த்து, “முப்பத்தொம்பது” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இப்ப ஓதம் ஏறி தண்ணி ஒசந்திருக்கு. ஒரு அடி கழிச்சுக்கணும்” என்றார். குண்டு மேலே வந்தது. கிரீஸ் தடவியபடியே இருந்தது.

“ஒட்டல” என்றார்.

மாமியின் மீன் பலகையில் அடித்துக்கொண்டது.

தலைமை டிராஃப்ட்ஸ்மேன் படுத்தபடியே கண்ணைத் திறந்து, விஷயத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு சொன்னது இது: “முப்பத்தெட்டு அடி ஆழத்துல எந்தப் படகுய்யா இடிக்கப்போவுது? கல்லு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? படம் பிரிண்டுக்குப் போற நேரம்.”

“லெட்டர் தயாரா இருக்கோன்னோ?” என்றார் ஹெட் கிளார்க், எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமல். “தயாரா இருக்கறதைக் கெடுத்துக்காதேயும். மன்னிப்புக் கேட்டா ஒரு பேப்பரோட முடியும். நீர் எழுதினதுதான் சரின்னு சொன்னா, விசாரணை வரும், அது ஒரு ஃபைலு. ஃபைல் முடியறவரைக்கும் உம்ம நீட்டிப்பு நிக்கும். மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு, யோசியும்.”

“இல்ல சார், எனக்கு வேலை இருந்தாப் போதும்” என்றார் சர்வேயர். குண்டைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். “நான் தப்பாத்தான் எழுதிட்டேன்னு நானே நம்பிட்டேன் சார். வெயில்ல கண்ணு தப்பியிருக்கும்னு. ரெண்டு வாரமா வூட்ல சாவியக் கூட ரெண்டு தடவ பாத்துதான் பூட்டறேன்.”

மீனவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இன்னொரு கொக்கியில் இரை குத்தினார். திடீரென்று நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, இன்னா, இந்தக் கல்ல எதுலயாவது எழுதப்போறீங்களா?”

“படத்துல எழுதணும்.”

“அத மட்டும் எழுதாதீங்க. எங்க குப்பத்துல நாலு பேருக்குத்தான் தெரியும். எழுதினீங்கன்னா நாளைக்கு ஊரே இங்க வந்து குந்திக்கும். ஒரே பேஜாரு.”

ஆக, அந்தக் கல் படத்தில் வரக்கூடாது என்பதில் லாஞ்சில் இருந்த எல்லோருக்கும் ஒரே கருத்து. மீனவருக்கு மீன் போய்விடும். தலைமை டிராஃப்ட்ஸ்மேனுக்குப் பிரிண்டு தள்ளிப்போகும். ஹெட் கிளார்க்குக்கு ஒரு ஃபைல் கூடும். சர்வேயருக்கு வேலை. எனக்கும் காரணங்கள் இருந்தன; நான் மனத்துக்குள் அவற்றை எண்ணிட்டு அடுக்கினேன். நான் எழுதியது பிழை என்று அல்ல, பிழை எனத் ‘தோன்றுகிறது’ என்றுதான். அதை மேலே அனுப்பியது நான் அல்ல. மெமோவின் வாசகம் என்னுடையது அல்ல. அவரே விஷயத்தை முடித்துக்கொள்ளத்தான் விரும்புகிறார். என் வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எல்லாமே உண்மை. எதையும் அடிக்க முடியவில்லை. அந்தக் கல்லால் கடலில் எந்தப் படகுக்கும் ஆபத்து இல்லை என்பதும் உண்மை. அது கவிழ்த்த ஒரே ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்து குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் புளியோதரையைச் சாப்பிட்டவர்கள் மாமி, மீனவர், டிரைவர், நான். மீனவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். மாமி அவரிடம், “மீன் உம்ம வீட்டுக்கே எடுத்துண்டு போம். ஆனா அது ரொம்ப நேரம் துடிச்சுது” என்றார். டீசல் தீரும் வரைக்கும் லாஞ்சை வடக்கே கொஞ்சம் தெற்கே கொஞ்சம் ஓட்டிவிட்டு, மூன்று மணிக்குக் கரைக்கு வந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் நெரிசல். மாமி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். முன்சீட்டில் சர்வேயர். திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். அவர் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்து, பின்னால் திரும்பி, “சிஸ்டர், இதுல ‘இனி இவ்வாறு நேராது’ன்னு ஒரு வரி சேத்தா நல்லா இருக்குமா?” என்று கேட்டார்.

“அந்தச் சீட்டை எழுதினது நான் சார்” என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. நான் முதலிலிருந்து சொன்னேன்: முப்பத்தெட்டு, அறுபத்தாறு, குண்டூசி, கிரீஸ். மலையின் மூக்கைப் படித்துச் சிரித்ததையும் சொன்னேன். அது தேவையில்லைதான், பட்டியல் என்று ஆரம்பித்தால் எதையும் விட எனக்கு வராது.

அவர் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிவப்பு மசியால் திருத்திய மூன்று இடங்களும் தெரிந்தன. சுத்தப்பிரதி எடுக்க அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. மூன்றாவதன்மேல் விரலை வைத்து, “இந்த மூணாவது சரியாத் திருத்தினீங்களா, இல்ல இதுவும் அழகா இருக்கணும்னா?” என்றார்.

நான் சரிதான் என்றேன்.

“எனக்கு மாசக் கடைசி இருக்குங்க சிஸ்டர். நீங்க பேசாம இருந்திருக்கலாம்.”

“நீங்க லெட்டர் குடுக்காதீங்க. நாளைக்கு நான் ஒண்ணு குடுக்கறேன். அதுல உங்க பேச்சே வராது. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டா, தெரியாதுன்னு சொல்லுங்க.”

“தெரியாதுன்னு சொன்னா அது பொய்யில்லையா?”

“கேட்டா பாத்துக்கலாம்.”

அவர் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து, பழைய மடிப்பிலேயே மடித்து, பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு செங்கல்பட்டு வரைக்கும் திரும்பவில்லை. அவர் பையில் வைத்த அந்தக் கடிதம்தான் ராத்திரி முழுக்க எனக்கு நினைவில் இருந்தது. நான் கொடுப்பதற்கு முன்பே அவர் கொடுத்துவிட்டால் என் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். என் கடிதம் நான்கு வரி. நான்காவது வரிசையின் ஒன்பதாவது எண்ணை மாற்றியது நான். ஆதாரம் இல்லாமல் மாற்றினேன். நோட்டில் இருந்த முப்பத்தெட்டு சரி என்று ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் அளந்து பார்த்தேன். படத்தைத் திருத்த அனுமதி வேண்டும். தலைமை டிராஃப்ட்ஸ்மேன் அதை வாங்கிப் படித்துவிட்டு, “ஏம்மா, ஞாயித்துக்கிழமை நாம எங்க போனோம்? எங்கயும் போகலியே” என்றார். டீசல் விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. மூன்றாவது வரியை ‘மீண்டும் விசாரித்ததில் தெரியவந்தது’ என்று மாற்றிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லும் கடிதத்திலும் ஒரு திருத்தம் செய்தாயிற்று.

சர்வேயர் பத்து மணிக்கு வந்தார். நேராக மேலே போகவில்லை. என் மேஜைக்கு வந்து, “குடுத்தாச்சா?” என்று கேட்டார். தலையசைத்தேன். தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று வாரம் ஃபைல் மேலேயும் கீழேயும் போயிற்று. ஹெட் கிளார்க் சொன்ன மாதிரியே மாதக் கடைசியில் நீட்டிப்பு உத்தரவு வரவில்லை. பன்னிரண்டு நாள் சர்வேயர் உத்தரவு இல்லாமலே ஆபீஸுக்கு வந்து, வேலை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகினேன். பதின்மூன்றாம் நாள் இரண்டு உத்தரவுகள் ஒன்றாக வந்தன. எனக்கு, நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிவைப்பு, காரணம் அதிகப்பிரசங்கித்தனம். இங்கிலீஷில் அது இன்னும் மரியாதையாக இருந்தது. அவருக்கு, மூன்று மாத நீட்டிப்பு. கூடவே ஒரு புத்திமதி: இப்படிப்பட்ட சந்தேகங்கள் எழாதபடி இனி அவர் பதிவுகளைக் கவனமாகச் செய்ய வேண்டும்.

சரியாக எழுதியதற்காக அவர் பெற்ற அந்தப் புத்திமதியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். “இதுல ஏதாவது பிழை இருக்கா சிஸ்டர்?” என்றார்.

“இல்ல சார்” என்றேன். இரண்டு பேரும் ஒருவழியாகச் சிரித்தோம்.

ட்ரேசிங் துணியில் மசியை அழிக்க முடியாது. பிளேடால் சுரண்ட வேண்டும். அறுபத்தாறைச் சுரண்டி, முப்பத்தெட்டு எழுதி, அதைச் சுற்றிக் கோட்டைச் சுருட்டினேன். சுரண்டிய இடத்தில் துணி மெலிந்து, பிரிண்டில் அங்கே மட்டும் ஒரு அழுக்குத் திட்டு விழுந்தது. துறை கட்டும் யோசனை பிறகு கைவிடப்பட்டது. படம் அலமாரியில் இருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை. நாலு பேருக்குத் தெரிந்த கல் அதற்குப் பிறகும் நாலு பேருக்குத்தான் தெரியும் என்று மீனவருக்குச் சொல்லி அனுப்ப நினைத்தேன். எங்கள் ஆபீஸின் மானத்தை நினைத்துச் சொல்லவில்லை.

சர்வேயர் இன்னும் மூன்று மூன்று மாதமாகத்தான் நீள்கிறார். புத்திமதியை அவர் அப்படியே கடைப்பிடிக்கிறார். பக்கத்து எண்களோடு ஒத்துப்போகாத எண் எது வந்தாலும், அதற்கு எதிரே சிவப்பில் ‘இரண்டு தடவை பார்த்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் வந்த நோட்டில் ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் அப்படி இருந்தது. நான்கையும் அப்படியே எழுதினேன். கோடு கண்றாவியாக வந்திருக்கிறது.